உலகச் சாளரம்: தரையைத் தொடுமுன்

விண்ணில் எழுந்து பறப்பதே அரிய செயல் என்று தரையில் நின்று பார்க்கும் நமக்குத் தோன்றுகிறது. விமானம் ஓட்டும் கலையில் தேர்ந்தவர்களோ, எழுவதும் பறப்பதும் எளிது, இறங்குவதே அருமை என்பார்கள். அவர்கள் கூற்றுக்குச் சான்று உண்டு. ஒரு பயணத்தின் மொத்த நேரத்தில், ஓடுபாதையை நோக்கித் தாழ்ந்து வந்து தரையைத் தொடும் பகுதி மிகச் சிறியது. ஆயினும் விமான விபத்துகளில் பெரும் பங்கு அந்தச் சில நிமிடங்களிலேயே நேர்கிறது. ஒருவர் ஓட்டிச் செல்லும் சிறு விமானத்துக்கும், நூற்றுக்கணக்கானோரை ஏற்றிச் செல்லும் பெரிய விமானத்துக்கும் இது பொது.

விபத்துச் செய்தி வந்ததும் நாம் அதனை இரண்டு சொற்களுள் ஒன்றில் முடித்துவிடுகிறோம். ஒன்று 'விதி', மற்றொன்று 'இயந்திரக் கோளாறு'. பொறுமையோடு ஆராய்ந்தவர்கள் கண்ட காரணம் பல வேளைகளில் இவ்விரண்டிலும் அடங்குவதில்லை. அதற்கு எடுத்துக்காட்டாக, 1979-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நேர்ந்த ஒரு சிறு விமான விபத்தினை இத்திங்கள் அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன். வானம் தெளிவாக இருந்தது. விமானம் புத்தம் புதியது. ஓட்டியவர் ஊக்கமும் உடல் வலிமையும் மிக்கவர். இருந்தும் அவ்விமானம் ஓடுபாதையைச் சென்றடையவில்லை. ஏன் என்பதே நாம் அறிய வேண்டுவது.

இல்லம் நாடிய ஆட்டக்காரர்

நம் நாட்டில் கிரிக்கெட்டுக்கு உள்ள செல்வாக்கு அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்துக்கு உண்டு. அவ்வாட்டத்தில் நம் விக்கெட் கீப்பரைப் போல, பந்தடிப்பவரின் பின்னே குந்தியமர்ந்து பந்தைப் பிடிப்பவருக்குக் 'கேட்ச்சர்' என்று பெயர். ஆட்டம் முழுவதையும் எதிர்நோக்கியிருந்து, எறிபவருக்குக் குறிப்புக் காட்டி, அணியை நடத்துபவர் அவரே. நியூ யார்க் யாங்கீஸ் என்னும் புகழ்பெற்ற அணியில் 1970-களில் அந்த இடத்தை வகித்தவர் தர்மன் மன்சன். 1976-இல் அவர் தம் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப் பெற்றார். லூ கெரிக் என்னும் பெருவீரருக்குப் பின் நெடுங்காலம் எவருக்கும் அளிக்கப்படாதிருந்த அணித் தலைவர் பதவி அவ்வாண்டிலேயே அவரை வந்தடைந்தது. 1977, 1978 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அவ்வணி உலகக் கோப்பைக்கு நிகரான இறுதித் தொடரை வென்றது.

புகழும் பொருளும் நியூ யார்க்கில் கிடைத்தன. மனமோ ஒஹையோ மாநிலத்துக் கான்டன் நகரிலேயே இருந்தது. அவர் வளர்ந்த ஊர் அது. மனைவியும் மூன்று குழந்தைகளும் அங்கேதான் வாழ்ந்தனர். இரண்டு ஊர்களுக்கும் இடையே 600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. ஆட்டப் பருவத்தில் ஊர் ஊராகச் சுற்றவேண்டியிருந்தது. ஓய்வு நாளொன்று கிடைத்தால், அதன் பெரும்பகுதி வழியிலேயே கழிந்துவிடும். பிழைப்பு ஓரிடம், குடும்பம் வேறிடம் என்று வாழ்வதன் துயரத்தை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. விடுப்பு நாட்களை விரல்விட்டு எண்ணி, ரயில் அட்டவணையைப் புரட்டி, ஒருநாள் கூடுதலாக ஊரில் தங்க வழியுண்டா என்று கணக்குப் போடாத குடும்பம் நம்மிடையே ஏது?

மன்சன் கண்ட வழி, தாமே விமானம் ஓட்டக் கற்பது. ஆட்டம் முடிந்த இரவே வீடு சேரலாம். குழந்தைகள் எழும்போது அருகிலிருக்கலாம். 1978-இல் அவர் பறக்கத் தொடங்கினார். இயற்கையாக அமைந்த கைத்திறமும் கற்கும் ஆர்வமும் அவரை வெகு விரைவாக முன்னேற்றின. முதலில் சிறு விசிறி விமானங்கள். பின்னர் அவற்றினும் வலிய இரட்டை இயந்திர விமானம். 1979 ஜூலையில் ஒரு ஜெட். அது செஸ்னா நிறுவனத்தார் செய்த 'சைட்டேஷன்' என்னும் சிறு ஜெட் விமானம். ஒரே விமானி ஓட்டுவதற்கென்று அமைந்த வகை. அதன் பதிவு எண்ணில் தம் சட்டையின் எண்ணாகிய 15-ஐயும், நியூ யார்க்கைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளையும் பொறித்துக் கொண்டார். அந்த விமானத்தின் மீது அவருக்கிருந்த பற்றினை இதனால் உணரலாம்.

பயிற்சி பெறாமல் அவர் ஜெட்டில் ஏறவில்லை. முறைப்படி பயின்று, தேர்வில் தேறி, உரிமமும் பெற்றிருந்தார். ஆயினும் பறக்கத் தொடங்கி ஈராண்டுகூட நிறையவில்லை. அவர் பறந்திருந்த மொத்த நேரம் சுமார் 500 மணி. அதில் இந்த ஜெட்டில் கழித்தது 40 மணிக்கும் குறைவு. கையில் உரிமம் இருந்தது. கை பழகுவதற்குரிய காலம் இன்னும் கழியவில்லை.

நான்காம் முறை

1979 ஆகஸ்டு 2, வியாழக்கிழமை. அன்று ஆட்டம் இல்லை. மன்சன் ஊரில் இருந்தார். பிற்பகலில் ஆக்ரன்–கான்டன் விமான நிலையத்துக்குச் சென்று, புது விமானத்தில் இறங்கிப் பழகிக்கொள்ள எண்ணினார். உடன் இருவர் சென்றனர். ஒருவர் விமானப் பயிற்சி ஆசிரியர், மற்றவர் நண்பர். அவர்கள் அன்று உடன் வந்தவர்களே; விமானத்தின் முழுப் பொறுப்பும் மன்சனுடையது.

அவர்கள் மேற்கொண்ட பயிற்சி, 'தொட்டு எழுதல்' என்னும் வகையைச் சார்ந்தது. விமானம் ஓடுபாதையில் இறங்கிச் சக்கரம் தரையைத் தொட்டதும், நில்லாமல் மீண்டும் விசை கூட்டி மேலெழ வேண்டும். வானில் ஒரு வட்டமடித்து மறுபடியும் இறங்க வேண்டும். குறைந்த நேரத்தில் பலமுறை இறங்கிப் பழக இது நல்ல வழி. மூன்று முறை இவ்வாறு தொட்டு எழுந்தனர். நான்காம் முறை இறங்கி வருகையில் விமானம் வழக்கத்தினும் தாழ்ந்துவிட்டது. மன்சன் விசையைக் கூட்டினார். அது போதிய அளவில், போதிய நேரத்தில் வந்து சேரவில்லை. விமானம் மரங்களில் உரசி, ஓடுபாதை தொடங்குமிடத்துக்குச் சுமார் 870 அடி முன்பாகவே நிலத்தில் வீழ்ந்தது; ஓர் அடிமரத்தில் மோதிச் சாலையோரம் சென்று நின்று தீப்பற்றியது.

உடன் சென்ற இருவரும் உயிரோடிருந்தனர். மன்சனும் வீழ்ந்த அந்த நொடியில் இறக்கவில்லை. ஆனால் அவரால் அசைய முடியவில்லை. நண்பர்கள் அவரை வெளியே இழுக்க முயன்றனர். தீயும் புகையும் பெருகவே, அவர்களே தீப்புண்களோடு வெளியேற வேண்டியதாயிற்று. மன்சன் உள்ளேயே உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 32. இருக்கையின் தோள்வாரை அவர் அணிந்திருக்கவில்லை என்பது பின்னர் வெளியாயிற்று.

மறுநாள் இரவு நியூ யார்க் மைதானத்தில் 50,000-க்கும் மேற்பட்ட மக்கள் கூடினர். ஆட்டக்காரர்கள் தத்தம் இடங்களில் போய் நின்றனர். கேட்ச்சரின் இடம் மட்டும் வெறுமையாக விடப்பட்டது. கூட்டம் எழுந்து நின்று பல நிமிடங்கள் ஓயாமல் கைதட்டித் தன் துயரத்தைத் தெரிவித்தது. ஆகஸ்டு 6 அன்று கான்டனில் நடந்த இறுதிச் சடங்கில் அணியினர் அனைவரும் கலந்து கொண்டு, அன்றிரவே நியூ யார்க் திரும்பி ஆடினர். மன்சனின் நெருங்கிய நண்பரான பாபி மர்சர் அன்று அணியின் ஐந்து ஓட்டங்களுக்கும் தாமே காரணமாக இருந்து, 5–4 என்ற கணக்கில் வெற்றி தேடித் தந்தார். கேட்டோர் நெஞ்சை உருக்கும் நிகழ்ச்சிகள் இவை. எனினும் நண்பர்களின் கண்ணீர், விபத்தின் காரணத்தைச் சொல்லாது. அதனைத் தேடும் கடமை வேறு சிலருடையது.

இறக்கையின் இயல்பு

காரணத்தை அறியுமுன், இறங்கும் விமானத்தின் இயல்பைச் சிறிது தெரிந்துகொள்வது நலம். விமானத்தைத் தாங்குவது அதன் இறக்கையின் மேலும் கீழுமாக ஓடும் காற்று. வேகம் மிகுந்தால் தாங்கும் ஆற்றல் மிகும், குறைந்தால் குறையும். அக்குறைவு நேர்க்கணக்கில் நிற்பதும் இல்லை. இறக்கையின் சாய்வு மாறாதிருக்க, வேகம் 100 பங்கிலிருந்து 90 பங்காகத் தாழ்ந்தால், தாங்கும் ஆற்றல் 81 பங்காகத் தாழ்ந்துவிடும். இழப்பை ஈடுசெய்ய விமானி மூக்கை உயர்த்துவார். ஓரளவு வரை இது பயன் தரும். அளவு மீறியதும், இறக்கையின் மேற்பரப்பைத் தழுவி ஓடிய காற்று அதைவிட்டுப் பிரிந்துவிடும். அப்பொழுது இறக்கை இருந்தும் தாங்கும் ஆற்றல் சிதைந்துவிடும். விமானிகள் இதனை 'ஸ்டால்' என்பர். உயரத்தில் இது நேர்ந்தால் மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்டுக்கொள்ளலாம். தரைக்கு அருகில் நேர்ந்தால் மீட்பதற்கு இடம் ஏது?

அப்படியானால் மெல்ல இறங்குவது எவ்வாறு? வயலில் வந்து அமரும் கொக்கைக் கவனித்திருப்பீர்கள். வானில் நேராக நீட்டிப் பறந்த சிறகை, இறங்கும்போது அகல விரித்து வளைக்கிறது. வால் இறகுகளையும் விசிறிபோல் விரிக்கிறது. விமானத்தின் இறக்கைகளிலும் பின்விளிம்பில் மடல்கள் உண்டு. அவற்றைப் 'பிளாப்' என்பர். அவற்றை இறக்கினால் இறக்கை வளைந்து, குறைந்த வேகத்திலும் விமானத்தைத் தாங்கும். அதனோடு காற்றின் தடையும் மிகுவதால், விமானம் ஓட்டம் மிஞ்சாமல் அடக்கமாகத் தாழ்ந்து வரும். மடல்களை இறக்காமல் வருபவர், அதற்கேற்ப மிகுந்த வேகத்தோடு வரவேண்டும். மடல் இறக்கியவருக்குப் போதுமான வேகம் அவருக்குப் போதாது.

இனி இயந்திரத்தைப் பார்ப்போம். விசிறி விமானத்தில் விசையைக் கூட்டியதும் விசிறி உடனே வேகமாகச் சுழன்று காற்றை இறக்கையின்மேல் வீசுகிறது. பெரும்பாலான விமானங்களில் அந்தக் காற்றே இறக்கைக்கு உடனடியாகச் சிறிது தாங்கும் ஆற்றலைத் தந்துவிடும். ஜெட் இயந்திரத்தின் இயல்பு வேறு. விசையை முழுதும் குறைத்துவிட்ட ஜெட் இயந்திரம், நின்றிருந்த ரயில் உடனே ஓட்டம் எடுக்காதது போல, முழு ஆற்றலை அடையச் சில நொடிகள் எடுத்துக்கொள்ளும். அந்த ஆற்றலும் இறக்கையின்மேல் காற்றை வீசுவதில்லை. விமானத்தை முன்னே தள்ளி, வேகம் ஏறிய பின்னரே இறக்கை பயன் பெறும். ஆதலால் ஜெட் ஓட்டுபவர், இறங்கும்போது மடல்களையும் சக்கரங்களையும் இறக்கி, அவற்றின் தடையை எதிர்த்து இயந்திரம் ஓரளவு விசையோடு ஓடிக்கொண்டிருக்கும்படி பார்த்துக்கொள்வார். அப்பொழுதுதான், வேண்டும் நேரத்தில் விசை தாமதமின்றி வரும்.

ஆராய்ந்தவர் கண்ட காரணம்

விபத்தை ஆராய்ந்தது அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். எவரையும் தண்டிப்பது அவ்வாரியத்தின் வேலையன்று. காரணத்தைக் கண்டறிந்து, அது மீண்டும் நேராதபடி செய்வதே அதன் பணி. 1980-இல் வெளியான அறிக்கையின் முடிவைச் சுருங்கச் சொன்னால் இதுதான்: இறங்கும்போது விமானம் ஸ்டால் நிலையை அடையாதிருக்கப் போதிய வேகம் தேவை என்பதை விமானி உணரவும் இல்லை, அவ்வேகத்தைக் காக்கவும் இல்லை, விசையைக் காலத்தில், போதிய அளவில் கூட்டவும் இல்லை. இவை நேர்ந்த வேளையில் விமானம் மடல்களை இறக்காமலேயே தாழ்ந்து வந்தது. அவர் வேண்டுமென்று அவ்வாறு செய்யவில்லை. மடல்களை இறக்கும் பணி கவனக்குறைவால் விட்டுப்போயிற்று.

இவற்றுக்குத் துணைபோன காரணங்கள் இரண்டினையும் வாரியம் குறிப்பிட்டது. விமானி உரிய சரிபார்ப்புப் பட்டியலைப் பயன்படுத்தவில்லை. மேலும், ஓடுபாதையைச் சுற்றிவரும் வழக்கமான முறையினின்றும் விலகியதால், இறங்கும் பாதையே இயல்பு மாறிவிட்டது.

ஒவ்வொன்றாக நோக்கினால் இவற்றில் எதுவும் பெரும் பிழையாகத் தோன்றாது. வட்டம் சிறிது மாறிற்று; பட்டியலைப் படிக்கவில்லை; மடல் இறங்கவில்லை; வேகம் குறைந்ததைக் கண்டுகொள்ளவில்லை; விசை சில நொடிகள் பிந்தி வந்தது. தனித்தனியே நேர்ந்திருந்தால், இவற்றுள் எதையும் ஒரு நல்ல விமானி திருத்திக்கொண்டிருப்பார். பட்டியலைப் படித்திருந்தால் மடல் நினைவுக்கு வந்திருக்கும். மடல் இறங்கியிருந்தால் அந்த வேகமே பெரும்பாலும் போதுமானதாக இருந்திருக்கும். சங்கிலியில் ஒரு வளையம் அறுந்திருந்தாலும் அன்று மாலை மன்சன் வீடு திரும்பியிருக்கக் கூடும்.

இன்னொன்றும் நம் சிந்தனைக்குரியது. இறங்கிய முதல் மூன்று முறையும் தீங்கு ஏதும் நேரவில்லை. ஒரு செயல் மூன்று முறை நன்றாக முடிந்தால், நான்காம் முறை தானே நன்றாக முடியும் என்று உள்ளம் நம்பத் தொடங்கிவிடுகிறது. தொட்டு எழும் பயிற்சியிலோ ஒவ்வொரு வட்டமும் புதியதே. மேலெழும்போது மாற்றிய மடல்களையும், மடக்கிய சக்கரங்களையும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சரிபார்த்தாக வேண்டும். திருக்குறளில் 'பொச்சாவாமை' என்று ஓர் அதிகாரம் இருப்பதை அன்பர்கள் அறிவார்கள். மகிழ்ச்சி மிகுதியால் வரும் மறதி, அளவு கடந்த சினத்தினும் கேடு தரும் என்பது அங்கே வள்ளுவர் காட்டும் கருத்து. அறியாமையைக் கல்வி தீர்க்கும். அறிந்ததை மறக்கும் மறதிக்கு என்ன மருந்து?

பட்டியல் பிறந்த கதை

அந்த மருந்தைக் கண்ட இடமும் மன்சனின் ஒஹையோ மாநிலமே என்பது வியப்புக்குரியது. விமானத்தைக் கண்ட ரைட் சகோதரர்களின் ஊராகிய டேட்டன் அம்மாநிலத்தில் உள்ளது. அங்கே, அவர்கள் பெயரைத் தாங்கிய இராணுவ விமானத் தளத்தில், 1935 அக்டோபர் 30 அன்று போயிங் நிறுவனத்தாரின் புதிய நான்கு இயந்திரக் குண்டுவீச்சு விமானம் ஒன்று சோதனைக்காகப் புறப்பட்டது. தேர்ந்த விமானிகளே அதனை ஓட்டினர். மேலெழுந்த சிறிது நேரத்தில் அது தலைகுப்புற வீழ்ந்து எரிந்தது, இருவர் மாண்டனர். நிறுத்தி வைத்திருக்கும்போது காற்றில் அசையாதிருக்க, வாற்பகுதியில் ஏற்றியிறக்கும் பலகைகளைப் பூட்டி வைப்பது வழக்கம். புறப்படுமுன் அந்தப் பூட்டை விடுவிக்க மறந்துவிட்டார்கள். விபத்துக்குக் காரணம் அவ்வளவே.

இத்தனை சிக்கலான இயந்திரத்தை ஓட்ட மனிதனால் இயலாது என்று சிலர் எண்ணினர். இராணுவ விமானிகள் வேறொரு வழி கண்டனர். புறப்படுமுன், பறக்கையில், இறங்குமுன் செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் படித்துச் சரிபார்த்த பின்னரே மேற்செல்வது என்று முடிவு செய்தனர். அந்த விமானமே பின்னர் 'பி-17' என்னும் பெயரோடு இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கில் பறந்தது. அந்தச் சரிபார்ப்புப் பட்டியல் இன்று விமான உலகம் எங்கும் பரவி, அறுவை மருத்துவக் கூடங்களிலும் இடம் பெற்றுவிட்டது. ஈராண்டு பழகியவர்க்கு மட்டும் உரியதன்று அது. முப்பது ஆண்டு பழகியவரும் அதனைக் கையில் எடுத்துப் படிக்கவே கடமைப்பட்டவர்.

மீண்டும் சுற்றி வருதல்

பட்டியலுக்கு அடுத்து விமானியைக் காப்பது, இறங்கும் எண்ணத்தைக் கைவிடும் துணிவு. இறங்கும் பாதை சரியாக அமையவில்லை என்று கண்டால், விசையைக் கூட்டி மேலெழுந்து, ஒரு வட்டமடித்து மறுபடியும் முயல வேண்டும். வானம் தெளிவாக உள்ளபோது 500 அடி உயரத்துக்கு வருமுன் வேகம், மடல், சக்கரம், விசை ஆகிய எல்லாம் தத்தம் நிலையில் அமைந்திருக்க வேண்டும். அமையாவிட்டால் இறங்கக் கூடாது என்று இன்று விமானிகளுக்குக் கற்பிக்கிறார்கள். இதனைத் தோல்வி என்று எவரும் எண்ணலாகாது என்றும் சேர்த்தே கற்பிக்கிறார்கள். ஓடுபாதை கண்ணெதிரே தெரியும்போது 'இன்னும் சிறிது தூரந்தானே' என்று மனம் உந்தும். அந்த உந்துதலுக்கு இணங்காதிருப்பது எளிதன்று.

பெரிய விமானங்களும் இந்த விதிக்கு உட்பட்டவை என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு துயரச் சான்று உண்டு. 1973 மே 31 இரவு, சென்னையிலிருந்து தில்லிக்கு 65 பேரோடு சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் விமானம், பாலம் விமான நிலையத்தை நெருங்குகையில் புழுதிப் புயலில் சிக்கியது. குறித்த உயரம் வரை வந்தும் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியவில்லையானால் மேலெழுந்துவிட வேண்டும் என்பது விதி. அந்த எல்லைக்கும் கீழே விமானம் தாழ்ந்தது. மின்கம்பிகளில் மோதி வீழ்ந்தது. 48 பேர் மாண்டனர். மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலமும், கோவையின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கே. பாலதண்டாயுதமும் அவர்களுள் அடங்குவர். தமிழகம் ஒரே இரவில் இரு பெரும் தொண்டர்களை இழந்தது. கான்டனில் தெளிந்த வானம். தில்லியில் கண் மறைத்த புழுதி. அங்கே தனியார் சிறு விமானம். இங்கே பொதுமக்கள் விமானம். ஆயினும் இரண்டு இடத்திலும், மேலெழுந்து மீண்டும் ஒருமுறை சுற்றி வந்திருந்தால் கதை வேறாக முடிந்திருக்கக் கூடும்.

நமக்கு என்ன?

சொந்த விமானத்தில் ஊருக்குச் செல்லும் அன்பர் நம் சங்கத்தில் எவரும் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் நம் பிள்ளைகளுள் சிலர் இன்று விமானப் பயிற்சிப் பள்ளிகளில் சேர்கிறார்கள். அவர்களின் பெற்றோர், உரிமம் எப்பொழுது கிடைக்கும், வேலை எப்பொழுது கிடைக்கும் என்று கேட்பதோடு நில்லாமல், பட்டியலைப் படிக்கும் பழக்கம் கைவந்ததா, இறங்காமல் மேலெழுந்து வர எப்பொழுதேனும் தயங்கியதுண்டா என்றும் கேட்பார்களாக. விரைவில் கற்பவன் என்ற புகழ் நல்லதே. ஆனால் கற்பதன் வேகத்துக்குப் பழக்கம் ஈடுகொடுக்கிறதா என்பதைப் பெரியவர்கள்தாம் கவனிக்க வேண்டும்.

ஏனையோர்க்கும் இதில் பாடம் உண்டு. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ சொந்தக் காரில் ஊருக்குப் புறப்படும் குடும்பங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகின்றன. அலுவலகம் முடிந்த கையோடு கிளம்பி, இரவெல்லாம் வண்டியோட்டி, விடியலில் ஊர் சேர்ந்துவிட வேண்டும் என்னும் ஆவல் யாருக்கு இல்லை? அந்த ஆவல் மன்சனை ஆட்கொண்ட ஆவலினும் குறைந்ததன்று. புறப்படுமுன் சக்கரங்களின் காற்று, தடுப்பு, விளக்கு, எரிபொருள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். முன் இருக்கையினர் மட்டுமின்றி, பின்னே அமரும் தாத்தாவும் பாட்டியும் குழந்தைகளும் வார் அணிந்திருக்கிறார்களா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். ஊர் எல்லை தெரியத் தொடங்கும் கடைசிப் பத்து மைலில்தான் களைப்பும் அவசரமும் ஒன்று சேர்கின்றன. கண் சொருகுகிறது என்றால் வண்டியை ஓரமாக நிறுத்தி உறங்கி எழுவதே நம் போன்றோர்க்குரிய 'சுற்றி வருதல்'. உடன் வருபவர்களும், ஓட்டுபவர் மனம் நோகுமோ என்று தயங்காமல், 'சற்று நிறுத்துங்கள்' என்று சொல்லத் துணிய வேண்டும்.

பதறாத காரியம் சிதறாது என்று நம் பாட்டிமார் சொல்லிச் சென்றார்கள். மன்சன் விமானம் வாங்கியது பேராசையால் அன்று. மனைவி மக்களோடு கூடுதலாகச் சில பொழுதுகள் இருக்க வேண்டும் என்னும் அன்பினால். அந்த அன்பில் குற்றம் காண எவராலும் இயலாது. அன்பு நம்மை வீட்டை நோக்கி விரைவுபடுத்தும். வீடு வரை கொண்டு சேர்ப்பது நிதானமே. இம்முறை ஊர் செல்வோர் அரைநாள் பிந்திச் சேர்ந்தாலும் குறைவில்லை. வாசலில் காத்திருப்பவர்கள் வேண்டுவது நாம் நலமாக வந்து சேர்வது ஒன்றையே.